காப்புக் கட்டிய கைகள்

ஆகஸ்ட் 5, செவ்வாய்
பெரார்கஞ்சில் இன்று மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. நான் போகவில்லை. மைக்செட்டில் இந்திப் பாட்டு வேண்டாம் என்றதற்கு என்னைக் கோயில் கமிட்டியை விட்டே நீக்கினானே, அந்தத் தலைவன் ஜம்புலிங்கத்தின் முகத்தில் விழிக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரி கருப்பாயிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். சாயங்காலம் சிவப்பாகத் துப்பினாள்.

"காய்ச்சலோட வெத்தல கேக்குதோ?"

"நான் எங்க போட்டேன்?"

ஈறிலிருந்து இரத்தம்.

ஆகஸ்ட் 6
போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி. டெங்கு. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு மிகவும் குறைந்துவிட்டதாம். இருப்பில் இல்லை. எடுத்து வைத்தாலும் ஐந்து நாளில் கெட்டுப்போகுமாம். மெயின்லாந்துக் கப்பலை நம்ப முடியாது. இரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வரச் சொன்னார் டாக்டர் வைஜெயந்தி.

என் கையை நீட்டினேன். "சாச்சா, உமர் ஜியாதா ஹை" என்றார் ஊழியர். வயது அறுபத்தைந்து தாண்டினால் எடுக்க மாட்டார்களாம். என் இரத்தத்துக்கு என்ன குறை?

கொடுக்கும் இரத்தத்தையும் சுழற்றிப் பிரிப்பார்களாம்.

"அவளுக்குன்னு குடுக்கிறத ஊருக்குப் பங்கு போடுவீங்களா?"

"அம்மாவுக்குத் தட்டணு போதும் ஐயா. சிவப்பணு வேற ஒருத்தர் உசிரக் காப்பாத்தட்டுமே."

சரி என்று தலையாட்டினேன். நானே!

ஆகஸ்ட் 7
விழிக்க மாட்டேன் என்ற முகத்திலேயே போய் விழித்தேன்.

"காப்புக் கட்டியாச்சுண்ணே. எல்லை தாண்டக் கூடாது. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றான் ஜம்புலிங்கம்.

"தாண்டச் சொன்னேனா? ஊசிய இங்க கொண்டாறேன்."

"வெரதத்துல ரத்தமா?"

"தீ மிதிக்கிறவனுக்கு ஊசின்னா பயமா?"

இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தவன் எப்படிப் பின்வாங்குவான்? ஜம்புலிங்கத்தின் மகள் உதயாவே, "நான் மொதல்ல குடுக்கிறேன் பெரியப்பா" என்றாள்.

இரத்ததான முகாம் வண்டிக்கு ஒரு வாரம் முன்பே எழுதித் தர வேண்டுமாம். ஆஸ்பத்திரி அதிகாரியின் அறை வாசலில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை. டாக்டரும் வந்து பேசினார். வண்டி கிடைத்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி
கோயில் மண்டபத்தில் கட்டில் போட்டார்கள். வெறும் வயிற்றில் எடுக்க மாட்டேன் என்றார் டாக்டர். மதியம் விரதச் சோறு முடிந்த பிறகு, மஞ்சள் கயிறு கட்டிய கைகள் வரிசையாக நீண்டன. கடைசியில் ஜம்புலிங்கமும். கண்ணை இறுக மூடிக்கொண்டான், பயந்தாங்கொள்ளி.

தட்டணுவைச் சீக்கிரம் பிரிக்க வேண்டுமாம். வழியை அடைத்து நின்ற மைக்செட் லாரியை நகர்த்த வைத்தேன். அதில் ஒரு தனி சந்தோஷம்.

ஆகஸ்ட் 9
பைகள் வந்தன. மஞ்சள்!

"சிவப்பா குடுத்தோம். மஞ்சத் தண்ணியா தாறீங்க?"

"இதுதான் தட்டணு ஐயா."

படுக்கையிலிருந்து கருப்பாயி: "மாரியம்மா ஊரு ரத்தம் மஞ்சளாத்தான் இருக்கும். சும்மா இருங்க."

சிவப்பணுவில் ஒரு பை ஹேவ்லாக் தீவிலிருந்து வந்த பிரசவக்காரிக்குப் போயிற்றாம். போகட்டும். நன்றாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் 10
ஈறில் இரத்தம் இல்லை.

ஆகஸ்ட் 12
ஊரில் இன்று பூமிதி. இங்கே கருப்பாயி கஞ்சிக்கு உப்பில்லை என்று சண்டை போட்டாள். கேட்கக் கேட்க இனித்தது.

ஆகஸ்ட் 19
வீட்டுக்கு வந்துவிட்டோம். ஜம்புலிங்கம் வந்தான்.

"இனி வருசா வருசம் காப்புக்கு முந்தின நாள் முகாம். நீங்கதான் முன்ன நிக்கணும்ண்ணே."

"மைக்செட்?"

"தமிழ்ப் பாட்டுத்தான்."

"யோசிக்கிறேன்." யோசிக்க என்ன இருக்கிறது? நான்கு நாளாவது அலையட்டுமே.

திரும்பினால் கருப்பாயியின் வாயெல்லாம் சிவப்பு. பதறிப்போய்க் கிட்டே ஓடினேன்.

வெற்றிலை.