தலைச்சன் கணக்கு

மார்ச் 3, செவ்வாய்

ஞாயிறு வேதபாட வகுப்பில் சொல்ல வேண்டியவை:

1. வனாந்தரத்தில் மோசே எடுத்த கணக்கில், போருக்குப் போகத்தக்க ஆண்கள் மட்டும் 6,03,550. பெண்கள், பிள்ளைகள், கிழவர்களையும் சேர்த்தால் இருபது லட்சத்துக்குக் குறையாது. இத்தனை பேர் குடிக்கத் தண்ணீர்?

2. ஆராதனைப் பணிக்கென ஒதுக்கப்பட்ட லேவியர் குலத்தில் மூன்று பிரிவு: 7,500, 8,600, 6,200. கூட்டினால் 22,300. வேதத்தில் உள்ள மொத்தம் 22,000.

3. முதற்பேறான ஆண்கள் 22,273 பேர்தான். வீட்டுக்கு ஒருவன் என்று வைத்து ஆறு லட்சத்தை வகுத்தால், ஒவ்வொரு வீட்டிலும் இருபத்தேழு ஆண்மக்கள். நடக்கிற காரியமா?

4. ‘ஆயிரம்’ என்பதற்கான எபிரெயச் சொல்லுக்குக் குலப்பிரிவு என்றும் பொருள் உண்டாம்; அப்படியானால் ஆறு லட்சம் சுருங்கிவிடும். எனக்கு எபிரெயம் தெரியாது. சொல்லலாமா?

5. முடிவு — பிறகு.

போதகர் விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். “காலமெல்லாம் மக்கள்தொகைக் கணக்கு ஆபீஸ்ல இருந்தீங்க, மோசே கணக்கையும் ஒரு கை பாருங்க ஐயா.” எதற்குத் தலையாட்டினேன்?

மார்ச் 4, புதன்

அலமாரிக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தது தெரியாது.

“ஆறு லட்சம் தப்புன்னா, கடல் பிளந்தது மட்டும் சரியா?” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் வேதம் வாசிப்போம். அவள் ஒரு வசனம், நான் ஒரு வசனம். இன்று அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. கண் வலிக்கிறதாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னாள்.

மார்ச் 5, வியாழன்

மூன்றாவது குறிப்பை மட்டும் யாராலும் அசைக்க முடியாது. திரும்பத் திரும்ப வகுத்துப் பார்த்தாயிற்று.

மார்ச் 6, வெள்ளி

தொண்டை சரியில்லை என்று சொல்லிக் கழன்றுகொள்ளப் போதகரிடம் போனேன். அவர் விடவில்லை. “ஆறு லட்சமோ அறுபதோ, நம்ம வகுப்புக்கு வர்றது பதினாலு பேரு. அதுல முழிச்சிருக்கறவங்களுக்குச் சொல்லுங்க, போதும்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விளக்க முயன்றேன். நான் வேதத்தைக் குறை சொல்லவில்லை, கூட்டல் இடிக்கிறது, அவ்வளவுதான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை தான் கோயிலுக்கு வரப்போவதில்லை என்றாள். இதுவரை நான் தனியாகப் போனதே கிடையாது. இன்றும் வாசிப்பு இல்லை.

எனக்கென்ன வந்தது? எண் சரிந்தால் மற்றதும் சரியுமோ என்று அவளைவிட எனக்கல்லவா பயம்? ஆனாலும் சேராத கூட்டலைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

மார்ச் 7, சனி

மேசைக்கு அவளே வந்தாள். உட்காரவில்லை. குறிப்புத்தாளை எடுத்துப் படித்து, மூன்றாவதில் விரலை வைத்தாள்.

“வீட்டுக்கு ஒரு தலைச்சனா?”

ஆமாம் என்றேன்.

“நம்ம வீட்டுல யாருங்க?”

பழக்கதோஷம். மகன் பேரைச் சொன்னேன்.

“அவன் மூணாவது. அவனுக்கு முன்னாடி பொண்ணு. அவளுக்கு முன்னாடி?”

நான் பேனாவை மூடி வைத்தேன்.

“ஒரு மாசம் ஆன பிள்ளைங்களைத்தான் எண்ணினாங்கன்னு நீங்கதான வாசிச்சீங்க. நம்மவனுக்கு மாசம் திரும்பலையே. எண்ண வந்தவங்க நம்ம வாசலைத் தாண்டிப் போயிருப்பாங்க.”

அவள் அழவில்லை. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆபீஸில் சிசுமரணப் பட்டியல் என் பொறுப்பில்தான் இருந்தது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் விடாமல் சேர்த்தேன் — அப்படியிருக்க இதை எப்படி விட்டேன்? முதற்பேறு, முதற்பேறு என்றே எழுதிக்கொண்டிருந்தேனே. தலைச்சன் என்று ஒருமுறை எழுதியிருந்தால் கை நின்றிருக்குமோ?

மார்ச் 8, ஞாயிறு

அவள் வந்தாள். எப்போதும் போல இரண்டாவது வரிசை, ஓரத்து நாற்காலி.

முதல் இரண்டையும் சொன்னேன். எபிரெயம் தெரியாது என்று சொல்லிவிட்டு நான்காவதையும் சொன்னேன். கடைசியாக மூன்றாவது. பெண் முதலில் பிறந்த வீடுகளையும், தலைச்சனைப் பறிகொடுத்த வீடுகளையும் நான் கணக்கில் எடுக்கவில்லை என்றேன். அவற்றைச் சேர்த்தால் இருபத்தேழு பாதியாகலாம். பாதியும் அதிகம்தான், கேள்வி தீரவில்லை, ஆனால் என் வகுத்தல் நிற்காது என்று சொல்லி உட்கார்ந்தேன். ஐந்தாவதைச் சொல்லவில்லை. என்னிடம் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். “நாலு நாள் பாக்கி. நீங்க ஆரம்பிங்க.”

மூன்றாவது குறிப்பு தவறு. வீட்டுக்கு ஒருவன் என்று, இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதியிருக்கக் கூடாது.