துக்க வீட்டுச் சட்டி

மயிலாப்பூர்,
27-9-1948

நான் சிரிச்சேன்னு உன் பொண்டாட்டி எழுதுனாளா? சிரிச்சேன்டா! இல்லேன்னு யார் சொன்னது? அதுக்காக ஒரு கடுதாசி முழுக்கக் கோவமா? மவனே இனாயத், முதல்ல அத்தாவோட சலாம் வாங்கிக்கோ, அப்பால சண்டை போடு.

உங்க கராச்சித் தலைவர் மௌத்துன்னு சேதி வந்த மறுநாள், பக்கத்து வூட்டு லூயிசாம்மா ஒரு சட்டில ரசஞ்சோறு மூடி எடுத்துக்கினு வந்து நிக்கிது. "துக்க வூட்ல அடுப்பு எரியக் கூடாது பாய்"ன்னுது. "இங்க யாரும்மா செத்தது?"ன்னேன். "உங்க புள்ள கீற ஊர்ல பெரியவர் போய்ட்டாரே, அப்போ உங்களுக்கும்தானே துக்கம்?" சிரிக்காம இன்னா செய்றது? ஷகீலாவும்தான் முந்தானைய வாய்ல வெச்சிக்கினு சிரிச்சா. அத எழுதினாளா? "எங்க வூட்ல அடுப்பு எரியுது அக்கா"ன்னு சட்டிய அப்படியே திருப்பிக் குடுத்துட்டா.

அவருக்குப் பதிலா வந்த புது மனுசர் பேசுனத லூயிசாம்மா வூட்டு ரேடியோல நாங்களும் கேட்டோம். கரகரப்புல பாதி போச்சு. அவ புருசன் ஆரோக்கியநாதன் வாத்தியார்தான் அர்த்தம் சொன்னார். பாவம்டா அந்த மனுசர். நேத்து வரைக்கும் வேற வேலை பாத்த ஆள நடுவுல நிக்க வெச்சு, அழுவுற ஊரத் தேத்துன்னா?

ஊரத் தேத்த அவ்ளோ பேச்சு வேணும். ஷகீலாவுக்கு ஒரே வார்த்த போதும். பக்ரீத்துக்கு வர்றேன்னியே, பர்மிட்டுக்கு எழுதிப் போட்டியா? உன் பழைய சட்டைக்கெல்லாம் பொத்தான் தெச்சு வெச்சிகீறா.

உன்னைப் பெத்த குத்தத்துக்கு இன்னும் தண்டனை அனுபவிக்கிற அத்தா,
பீர் முஹம்மது

கராச்சி,
4-10-1948

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் அந்தப் பேச்சைப் பாதிதான் கேட்டீர்கள். நான் தெருவில் கூட்டத்தோடு நின்று முழுதும் கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் என் தோளில் சாய்ந்து அழுதார். பேச்சு முடிந்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இப்படிப்பட்ட நேரத்தில் நான் எப்படிக் கிளம்புவது? மறுநாளே, இங்கேயே இருந்துவிடுவதாக ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பர்மிட் கேட்கப் போவதில்லை.

குடும்பம் வைக்க இங்கே இடமில்லை. ஷகீலா எனக்காகக் காத்திருக்க வேண்டாம். அவள் சம்மதித்தால் தலாக் எழுதி அனுப்புகிறேன். நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். என்னை வெறுக்காதீர்கள்.

தங்கள் மகன்,
இனாயத்

மயிலாப்பூர்,
12-10-1948

மவனே இனாயத்,

பக்குவமா சொல்லச் சொன்னே. எனக்கு ஏதுடா பக்குவம்? கடுதாசிய அவ கைலயே குடுத்துட்டேன். படிச்சா. அழல. பொத்தான் டப்பாவ எடுத்துப் பரண்மேல வெச்சா.

அன்னிலேர்ந்து எங்க வூட்ல பொகை இல்ல. நான் டீக்கடை பன்னத் தின்னுக்கினு கீறேன். லூயிசாம்மா பாத்துக்கினே இருந்திருக்கு. இன்னிக்கு அதே சட்டியோட வந்து நின்னுது. யாரு போனதுன்னு ஒரு வார்த்த கேக்கல. இந்தத் தடவ ஷகீலா ரெண்டு கையும் நீட்டி வாங்கிக்கினா.

என் வாய் சும்மா இருக்குமா? "இன்னாம்மா, இப்போ எந்த ஊர்த் தலைவர் போய்ட்டார்?"னேன். சிரிப்பான்னு பாத்தேன். "கேலி போதும் மாமா"ன்னா.

அந்தப் புது மனுசர் கஷ்டம் இப்போதான்டா புரியுது. நீ வுட்டுட்டுப் போன எடத்துல நான் நிக்கிறேன். நானும் ஒரு பேச்சு பேசித்தானே ஆவணும்? இத சத்தமா படிச்சிக்கினே எழுதுறேன். அவ எதிர்லதான் குந்திக்கினு கீறா. 'ஷகீலா, அவன் வந்தாலும் வராட்டியும் இது உன் வூடு. நாளன்னிக்குப் பக்ரீத்து. அடுப்ப நான் பத்த வெக்கிறேன், நீ பக்கத்துல வந்து நின்னா போதும். உனக்கு அத்தாவா நான்...'

எழுந்து உள்ள போய்ட்டாடா. சட்டி மூடினபடியே கீது. நான் இன்னும் சொல்லி முடிக்கல