டாக்டர் அயாம்கா மேல் மனு போடாதே

அன்புள்ள மகன் பொன்சுவுக்கு, டெச்சிமனிலிருந்து அம்மா எழுதுவது. உன் தம்பி அடோம் சாகக் காரணம் டாக்டர் இல்லை, நான். நீயாவது அங்கே சுகமாக இருக்க வேண்டும், இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசியபோது மாமா யெபோ பக்கத்திலேயே நின்றதால் பாதிதான் சொன்னேன், மீதி இது.

சைக்கிளோடு விழுந்த அடோமுக்குக் கைப்பிடி நுனி இடது விலாவுக்குக் கீழே குத்திவிட்டது. வெளியே ரத்தம் இல்லை, காசு அளவு கன்றல்தான். இடது தோள் வலிக்கிறது என்றான், ஷியா வெண்ணெய் தடவிவிட்டேன். மறுநாள் உதடு வெளுத்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அயாம்காவுக்கு உன் வயதுதான் இருக்கும். சந்தையில் நான் கிழங்கைத் தட்டிப் பார்ப்பதுபோல வயிற்றைத் தட்டிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிகிறது, தோள் வலியும் அதனால்தான் என்றார். "கத்தி வைக்காமலே ஆறிடும்மா, ஆனா ஏழு நாள் இங்கேயே அசையாம படுக்கணும், அப்புறம் மூணு மாசம் ஓட்டம், பந்து ஒண்ணும் கூடாது" என்றார். மணிக்கொருதரம் நாடி பார்த்தார்கள். நாலாம் நாள் அடோம் ஃபுஃபு களி கேட்டு வாங்கித் தின்றுவிட்டுச் சிரித்தான். மறுநாள் எனக்குக் கிழங்கு லாரி வரும் நாள். "பையன் தேறிட்டான், ஏழெல்லாம் ஜாஸ்தி டாக்டர், நாலோட முடிங்க" என்றேன். "இது சந்தை இல்லம்மா, குறைக்க என்கிட்ட ஒண்ணுமில்ல" என்றார். முப்பது வருஷமாகச் சந்தையில் என்னிடம் எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்கிறார்கள். என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிட்டேன்.

மறுநாள் நான் சந்தையில் நிற்க, இவன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பந்துக்குக் குதித்திருக்கிறான். வந்து பார்த்தால் நெற்றியெல்லாம் குளிர்ந்த வேர்வை. "திட்டாதேம்மா" என்றான். மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயிற்றைத் திறந்தார்கள், ஏற்ற ஏற்ற ரத்தம் வடிந்தது, மேசையிலேயே போய்விட்டான். அந்த டாக்டர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமாவோ, "அந்தப் பொடிப்பயல் டாக்டரை விடக்கூடாது" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கடவுள் உன்னைக் காக்கட்டும், குளிரில் நெஞ்சை மூடிக்கொண்டு போ, பட்டினி கிடக்காதே. டாக்டர் மேல் நீ எழுதிய மனுவைக் கிழித்துப் போடு. எழுதத்தான் வேண்டும் என்றால் இதை எழுது: டாக்டர் கேட்டது ஏழு நாள், தாய் பேசி முடித்தது நாலு.

உன் அம்மா,
பொக்குவா