கேபிளில் ஓடிய பல்லி

1999 ஜூன் 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். லேபிள் ஒட்டிய பசை காயவில்லை. பாக்கெட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பிரித்தால் ‘பொம்மி சத்துமாவு’ என்ற எழுத்து கிழிகிறது. பொம்மி, மகளை வீட்டில் கூப்பிடும் பெயர்.

பதினோரு மணிக்கு விஜயநகர். வசந்தாம்மா கூப்பிட்டு அனுப்பியிருந்தார். மூன்று வருடம் முன்னால் மூத்தவளுக்காக முதன்முதலில் என்னிடம் மாவு வாங்கியவர். விஜயநகரில் இரண்டாவது ஸ்டேஜ் என்கிற பகுதியில் வீடு, இரண்டு வயதில் பையன். மேலுகோட்டை ஐயங்கார் குடும்பம், வீட்டில் தமிழ்தான். கேட்டைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினார்.

“போன வாரம் குடுத்த மாவுலே ஒரு வால் கிடந்தது சாந்தி. பல்லி வால். குழந்தை ரெண்டு தரம் வாந்தி எடுத்துட்டான். டாக்டர்ட்ட காட்டினோம், இப்போ தேவலை. பாத்துச் செய்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

எங்கே அந்த வால் என்றேன். பாக்கெட்டோடு குப்பையில் போட்டுவிட்டாராம். அடுத்து நான் பேசியதை எழுதவே கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

“காட்ட முடியாததைச் சொல்லாதீங்கம்மா. பொழப்புல மண்ணைப் போடாதீங்க.”

அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதே தெருவில் மூலை வீடு: “இந்த வாரம் வேண்டாம்.” அதற்கடுத்த சந்தில் மாடி வீடு: “இப்ப வேண்டாம், அப்புறம் சொல்றேன்.” இரண்டும் ஒரே நாளில். தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஹெப்பாளில் எங்கள் வீடு வரை நடந்தே வந்தேன், எந்த வழியாக வந்தேன் என்று நினைவில்லை.

என் வீட்டுக்காரர் கம்பி கட்டும் வேலைக்குப் போகாமல் ஆறு மாதம். சாரத்திலிருந்து விழுந்த இடுப்பு இன்னும் நிமிரவில்லை. இந்த மாவை விட்டால் எங்களுக்கு வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 8, செவ்வாய்

தூக்கமில்லை. என்ன செய்யலாம்:

வீடு வீடாகப் போய்ச் சொல்வது. அறுபது வீடு. வசந்தாம்மா எனக்கு முன்னால் சொல்லியிருப்பார்.
நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைப்பது. யார் படிக்கிறார்கள்.
கேபிள் ரவி.

ரவியிடமே போனேன். டெய்லர் கடைக்கு மேலே அவன் கேபிள் அறை. அங்கிருந்து பகலெல்லாம் படம் போடுகிறான், விஜயநகர், ஹெப்பாள் முழுக்கத் தெரியும். படத்துக்கு அடியில் ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும். சேலைக் கடை தள்ளுபடி, டியூஷன், காணாமல் போன நாய்.

நான் சொன்ன வரி: பொம்மி சத்துமாவில் பல்லி இருந்ததாகச் சொல்வது பச்சைப் பொய், யாரும் நம்ப வேண்டாம்.

ரவி கன்னடத்தில் எழுதிக்கொண்டே பேனாவை நிறுத்தினான். “அக்கா, பல்லின்னு போட்லே பேக்கா, போட்டே ஆகணுமா? சுத்தமான மாவுன்னு மட்டும் போட்டா சாக்கல்ல, போதாதா?”

“போடோணும் ரவி. சொன்னவங்களுக்கு உறைக்கோணும்.”

“உங்க இஷ்டம்.”

மூன்று நாள். காலை முதல் சாயந்திரம் வரை.

ஜூன் 9, புதன்

வெயில். பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தோம். சண்டைக் காட்சிக்கு அடியில் எங்கள் பெயர் வலமிருந்து இடமாக ஓடியது. பொம்மி எழுந்து நின்று கை தட்டினாள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. மத்தியானத்துக்குள் ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டேன். இனி யார் வாய் திறக்கிறார்கள் பார்ப்போம்.

ஜூன் 10, வியாழன்

எல்லாம் போச்சு.

பால் பூத்தில் இரண்டு பெண்கள், என் முகம் தெரியாதவர்கள். “ஆ ஹல்லி ஹிட்டு, டிவியில பந்தித்தல்லா.” ஹல்லி என்றால் பல்லி. டிவியில் வந்ததே, அந்தப் பல்லி மாவு. மூன்று வருடம் ஓடி ஓடிச் சொன்ன பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. இது ஒரே நாளில் நின்றுவிட்டது.

நான்காவது ஸ்டேஜில் ஒரு வீடு. வசந்தாம்மாவுக்கும் அவர்களுக்கும் பேச்சே கிடையாது. அந்த அம்மா வாசலில் மறித்துக்கொண்டு கேட்டார்: “டிவியில பாத்தேன். என்ன ஆச்சு? குழந்தை உயிரோட இருக்கா?”

எங்கள் மாவை விற்கும் தெருமுனைக் கடைக்காரர் அலமாரியிலிருந்த எங்கள் பாக்கெட்டையெல்லாம் எடுத்துப் பையில் போட்டு வைத்திருந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. ஜனங்க கேக்கறாங்க.”

பொம்மி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வகுப்பில் அவளை ஹல்லி என்று கூப்பிடுகிறார்களாம். “என் பேரை எடுத்துடும்மா,” என்றாள்.

ரவியிடம் ஓடினேன். நிறுத்திவிட்டான். “எங்கம்மாவே கேட்டாங்கக்கா, அந்த மாவு நம்ம வீட்ல இருக்கான்னு.”

ஜூன் 11, வெள்ளி

ஒரு வீடும் வாங்கவில்லை. அறுபதில் ஒன்றுகூட.

வீட்டுக்காரர் சொல்கிறார், மேட்டூரில் அவர் தங்கை வீட்டுக்குப் போய்விடலாம் என்று. “எல்லையில பாலாறு செக்போஸ்ட் தாண்டிட்டா நம்மளை யாருக்குத் தெரியும்.” நான் பிறந்த கௌதள்ளிக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அங்கே இருப்பது அண்ணனின் மானாவாரி நிலம், அதில் என் பங்கு என்று ஒன்றும் இல்லை.

ஒரு யோசனை. வசந்தாம்மாவுக்குக் கொடுத்த, மே கடைசியில் அரைத்த மாவு முழுவதையும் திருப்பி வாங்கினால்? எல்லார் கண் முன்னாலும் சலித்துக் காட்டினால்? சுத்தம் என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். நல்ல மனசால் வந்த யோசனை இல்லை இது. வசந்தாம்மா பொய்க்காரி என்று ஊர் சொல்ல வேண்டும், அதற்காகத்தான்.

ரவி இந்த வரியைத் தயங்காமல் போட்டான்: மே மாதக் கடைசியில் வாங்கிய பொம்மி சத்துமாவைத் திருப்பித் தாருங்கள், புது மாவு தருகிறோம், வறுப்பதையும் அரைப்பதையும் நேரில் வந்து பார்க்கலாம்.

ஜூன் 13, ஞாயிறு

நேற்று நான்கு பேர், இன்று ஆறு பேர். வந்தவர்கள் முன்னால் வெள்ளைத் துணி விரித்துச் சலித்தேன். ஒவ்வொரு பாக்கெட்டும் சுத்தம். ஒவ்வொரு தடவையும் பரீட்சையில் தேறிய மாதிரி. “பாத்துக்குங்க, பாத்துக்குங்க,” என்று நானே உரக்கச் சொன்னேன்.

பத்தாவது பாக்கெட்டைக் கொடுத்தவர் அவசரமாகப் போய்விட்டார். ஆள் இல்லாமல் எதற்குச் சலிப்பது என்று ஓரமாக வைத்திருந்தேன். சமையல் முடிந்தபிறகு சும்மா கொட்டினேன்.

சல்லடையில் நின்றது. சுண்டு விரல் அளவுகூட இல்லை. குட்டிப் பல்லி. மாவு பூசி, காய்ந்து, நான்கு காலும் விரிந்து. வால் இல்லை.

எப்போது விழுந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. மாவு அரைத்த அன்றைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தது. மில்லிலிருந்து சூடாக வந்த மாவை ஆற வைக்க டிரம்மைத் திறந்தே வைத்தேன். மூடுகிறேன் மூடுகிறேன் என்று மறந்தேன். மெழுகுவத்தி வைத்துக்கொண்டு அவசரமாகப் பாக்கெட் போட்டேன். வால் ஒரு பாக்கெட்டுக்குப் போனது, உடல் இன்னொன்றுக்கு.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “அடுப்புல போடு. யாரு பாத்தா? ஒம்போது பாக்கெட்டு சுத்தமா இருந்துச்சல்ல, அதைச் சொல்லு.”

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. கையில் எடுத்தும்விட்டேன். போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்தக் குழந்தை வாந்தி எடுத்தது ஞாபகம் வந்தது. காகிதத்தில் மடித்து வைத்தேன்.

ஜூன் 14, திங்கள்

வசந்தாம்மா வீடு. கேட்டுக்கு வெளியே நின்றே கூப்பிட்டேன். வந்தார். காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். கையைக் கூப்பினேன். நீங்க சொன்னது நெஜந்தாம்மா, நான் பேசினது தப்பு, இவ்வளவுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

காகிதத்தை மறுபடி மடித்து என் கையில் கொடுத்தார்.

“நான் ஒருத்தர்ட்டேயும் சொல்லலே சாந்தி.”

எனக்குப் புரியவில்லை.

“எங்காத்து மாமியார்ட்டே கூடச் சொல்லலே. உன் பொழப்பாச்சேன்னுதான் உன்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னேன். ஊருக்கெல்லாம் சொன்னது நீதான். டிவியிலே என்னைப் பொய்க்காரின்னும் சொல்லிட்டே.”

“உங்க பேரைப் போடலியேம்மா.”

“எனக்குத் தெரியுமே, நீ யாரைச் சொல்றேன்னு.”

பையன் உள்ளேயிருந்து ஓடி வந்து அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நன்றாக இருக்கிறான். அது ஒன்றுதான் ஆறுதல்.

“கோவம் இல்லே. ஆனா இனிமே இந்த மாவைக் குழந்தைக்குக் குடுக்க எனக்குக் கை வராது.”

திரும்பும்போது மூலை வீட்டில் விசாரித்தேன். போன வாரம் திருப்பதிக்குப் போயிருந்தார்களாம், அதனால்தான் வேண்டாம் என்றார்கள். மாடி வீட்டுப் பிள்ளை சோறு தின்னத் தொடங்கிவிட்டானாம், அதனால் மாவு தேவைப்படவில்லை. மாடி வீட்டுக்குப் பல்லி விஷயம் டிவியைப் பார்த்துத்தான் தெரியும், மூலை வீட்டுக்கு டிவியைப் பார்த்தவர்கள் சொல்லித்தான்.

பார்க் சிமென்ட் பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. ஒரே ஒரு அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஜூன் 15, செவ்வாய்

மறுபடி ரவி. வரியை நான் சொல்லச் சொல்ல எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

“பேடா அக்கா, வேண்டாம். எந்த வியாபாரியும் இப்படிப் போட்டதில்ல. ஜனங்க மறந்துட்டு இருக்காங்க, நீங்களே மறுபடி ஞாபகப்படுத்தறீங்க.”

“பொய்யின்னு போட்டது நானு. அதை யாரு எடுப்பாங்க?”

“இதோட முடிஞ்சுது பாருங்க.”

“முடிஞ்சா முடியட்டும்.”

வரி: பொம்மி சத்துமாவில் பல்லி இருந்தது உண்மை. தவறு எங்களுடையது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. மன்னிக்கவும்.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை. பொம்மி மட்டும் கேட்டாள், “நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகணுமா?” போகணும் என்றேன். அவள் தலையைத் தடவக்கூடத் தைரியம் வரவில்லை.

ஜூன் 16, புதன்

வரி ஓடுகிறது. நான் பார்க்கவில்லை. யாரும் வரவில்லை. டிரம்மைச் சுடுதண்ணீர் ஊற்றி நான்கு தடவை கழுவினேன். மேட்டூருக்கு எடுத்துப் போக வேண்டியது எது, விட்டுப் போவது எது என்று வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 17, வியாழன்

மேகம், மழை இல்லை. பத்து மணிக்கு ஒருவர் வந்து வாசலில் நின்று திட்டினார். அவர் பேத்திக்கு மே மாதம் முழுக்க எங்கள் மாவுதானாம். சொல்லி முடிக்கும் வரை நின்று கேட்டேன்.

மத்தியானம் மொபெட்டில் ஒரு பெண், முன்னால் குழந்தை. முன்பின் பார்த்ததில்லை. டிவியில் வரியைப் பார்த்து வந்தாராம். கன்னடத்தில் கேட்டார், பல்லி எங்கே விழுந்தது என்று. டிரம்மைக் காட்டினேன். மூடியைத் தட்டிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். அடுக்களை மூலையெல்லாம் பார்த்தார்.

“அரை கிலோ வேணும். என் முன்னாடி வறுக்கணும், என் முன்னாடி அரைக்கணும்.”

வறுத்து முடியும்வரை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மில்லுக்கும் கூடவே வந்தார். மாவு சூடாக இறங்கும்போது தான் கொண்டுவந்த டப்பாவை நீட்டிப் பிடித்து அவரே மூடிக்கொண்டார். எங்கள் பாக்கெட் வேண்டாமாம்.

ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. வண்டியைக் கிளப்பிவிட்டுச் சொன்னார்: “அடுத்த வியாழக்கிழமை வர்றேன். அப்பவும் நின்னு பாப்பேன்.”

பாருங்க, எப்பவும் பாருங்க என்றேன். அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.