பின்பக்கத்துக்கு மோட்டார் திரை

ஞாயிறு, 9 அக்டோபர் 2005

காலையில் பத்து மணிக்கு வந்த கம்பெனிக்காரர் ஒரு மணிக்குத்தான் கிளம்பினார். கடலைப் பார்த்த பின்பக்கத்துக்கு மரச்சட்டத்தில் பெர்கோலாவாம், அதில் மோட்டாரில் ஏறி இறங்கும் திரையாம்.

"கூரையே இல்லாத பந்தலா?" என்று கேட்டேன்.

"இப்ப எல்லாரும் அதான் மேடம் போடறாங்க" என்றார்.

"புயல் வந்தா முதல்ல கரண்ட்தான் போகும். அப்ப உங்க மோட்டார் என்ன பண்ணும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து, "கையாலயும் சுத்திக்கலாம், நான் விசாரிச்சுட்டேன்" என்றார். கையால் சுற்றுவதற்கு மோட்டார் எதற்கு? ஒரு கீற்றுத் தட்டி போதாதா? கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் இருபது வருஷம் மோட்டாரோடு மாரடித்தும் இந்த மனுஷனுக்கு ஆசை தீரவில்லை.

சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான்தான் அந்தப் பக்கமே போறதில்லையே, எனக்கு எதுக்கு?" என்று கத்திவிட்டேன்.

"அதுக்குத்தான்" என்றார். "சுனாமிக்கு அப்புறம் நீ பின்கதவையே திறக்கல. கையில பட்டன் இருந்தா, கடலைப் பார்க்க வேணாம்னு தோணின உடனே மூடிக்கலாம். எழுந்துகூடப் போக வேணாம்."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் அந்த ஆளோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டியிருக்க மாட்டேன்.

சரி என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் திரைக்கு நிறம் நான்தான் பார்க்க வேண்டும். இவரிடம் விட்டால் கடல் நீலத்தைத்தான் பொறுக்கிக்கொண்டு வருவார்.