நீலத் துண்டு

மிதவை நிலையம், பாலாழிக் கோள்
பதிவு 88. மாலை 5.10

இன்று ஜெபராஜ் அண்ணனிடம் நான் சொல்லாதது: அவர் தன் ஊர்தியில் மேலே கப்பலுக்கு ஏற்றிக்கொண்டு போன தண்ணீர் டிரம்களில் ஒன்றின் மூடியில் வெள்ளை நூல் ஒன்று ஒட்டியிருந்தது. விரல் நீளம் இருக்கும். காற்று படாத இடத்திலும் அது அசைந்தது.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. வந்த புதிதில் இப்படித்தான் ஒரு நூலைப் பார்த்துவிட்டு, இங்கே உயிர் இருக்கிறது என்று கப்பல் முழுக்க அறிவித்தேன். அது என் குளியல் துண்டிலிருந்து விழுந்த நூல். அந்த வாரமே வெள்ளைத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நீலத் துண்டுக்கு மாறினேன். கிண்டல் மட்டும் மாறவில்லை. இன்றும் ஊர்தி கிளம்பியதும் வானொலியில் கேட்டார்: "ஏளா நிலோபர், புதுசா உயிர் ஒண்ணும் ஆம்புடலியா? துண்டத் துவைச்சு ரொம்ப நாளாச்சோ?"

சிரித்து வைத்தேன். கப்பலில் வடிகட்டி இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இதைக் கண்டெடுப்பவருக்காகச் சில விவரங்கள். பாலாழி, வியாழனைப் போன்ற வாயுக் கோள். தரை கிடையாது. ஆனால் தன் சூரியனிலிருந்து தண்ணீர் தண்ணீராகவே இருக்கக்கூடிய தூரத்தில் சுற்றுகிறது. ஆகவே மேகங்களெல்லாம் நீர், எங்கும் வெண்மை. நான் மிதக்கும் உயரத்தில் ஊட்டிக் குளிர்தான். வெளியே மூச்சுவிட மட்டும் முடியாது. இந்தப் பலூன் நிலையத்தில் நான் ஒருத்தி. மேலே சுற்றும் கப்பலில் ஆறு பேர். மேகத்திலிருந்து எல்லோருக்கும் குடிநீர் பிடிப்பதும் என் வேலைகளில் ஒன்று.

பாரம் ஏற ஏற நிலையம் தாழும். அதனால் குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், கழிவறைத் தண்ணீர் எல்லாவற்றையும் தினமும் மாலையில் கீழே கொட்டிவிடுவேன். கீழே யார் இருக்கிறார்கள்?

கொட்டியாயிற்று. எல்லாம் வழக்கம்போல்.

பதிவு 91. காலை 7.00

அது துண்டிலிருந்து விழுந்த நூல் அல்ல. பலூனின் அடிவயிறு முழுக்கத் தாடி முளைத்ததுபோல் வெள்ளை நூல்கள். ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். என் கண் முன்னால் இரண்டாகப் பிரிந்தது.

சந்தோஷத்தில் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மனித இனம் எத்தனை தலைமுறையாக வானத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு என் கண்ணாடித் தகட்டில் பதில் இருக்கிறது. பிறகுதான் உயரமானியைப் பார்த்தேன். நிலையம் தாழ்ந்திருந்தது.

உடனே கப்பலுக்குச் சொன்னேன். டிரம் மூடியில் பார்த்ததையும் சேர்த்து.

அண்ணன்: "வடிகட்டியப் பிரிச்சே பாத்துட்டேன் புள்ள. பளிங்கு மாதிரி இருக்கு, ஒரு துரும்பு சிக்கல. நீ நிம்மதியா இரு. இனி உன் துண்டப் பத்திப் பேசினா என்னன்னு கேளு."

நிம்மதியாக இருந்தது.

பதிவு 93. மாலை 4.30

இந்த மேகத்தில் உயிருக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. வெயில், நீர், கரி, நைட்ரஜன். பாஸ்பரஸ் மட்டும் இல்லவே இல்லை என்று சொல்லலாம். அது எட்டாத ஆழத்தில் கிடக்கிறது. நம் எலும்பில் இருக்கிறது. சிறுநீரில் இருக்கிறது. நான் தினமும் கீழே கொட்டியதில் இருக்கிறது.

எத்தனை யுகமாகப் பசித்துக் கிடந்தவையோ. நான் சோறு போட்டிருக்கிறேன்.

இன்று கொட்டும்போது அடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குளத்தில் பொரி போட்டால் மீன்கள் திரளுமே, அப்படித் திரண்டன. தண்ணீர் கொஞ்ச தூரம்கூட விழவில்லை.

கொட்டினால் இன்னும் வளர்ந்து, பாரமாகி என்னை இழுக்கும். கொட்டாவிட்டால் தண்ணீரின் பாரமே இழுக்கும். ஆழத்தில் அழுத்தமும் சூடும் இந்தச் சுவர்களை நசுக்கிவிடும்.

கேப்டன் வசுமதி: "நாளை மறுநாள் காலையில ஜெபராஜ் வந்து உங்களை ஏத்திக்குவார். அதுவரைக்கும் ஒரு சொட்டுகூட வெளியே விடாதீங்க நிலோபர். தாங்குமா?"

அதுவரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

பதிவு 94. மதியம் 2.15

ஜன்னல்கள் வெளுத்துவிட்டன. பால் டம்ளருக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. வெப்பம் ஏறுகிறது. சுவரில் அவ்வப்போது ஒரு முனகல்.

பையைக் கட்டிவிட்டேன். இரண்டு புத்தகம், ஒரு துண்டு. படிக்க எடுத்த பக்கத்தை ஏழெட்டு முறை படித்தும் ஒரு வரி ஏறவில்லை.

கதவு இடுக்கை நூல்கள் கண்டுபிடித்துவிட்டன. உள்ளே வரவில்லை. என் பக்கம் திரும்பி நிற்கின்றன.

பதிவு 95. காலை 8.40

ஊர்தி வரவில்லை. அண்ணனின் குரல் மட்டும் வந்தது.

"நிலோபர், நான் கிளம்பல. கேளு. கப்பல்ல குடிதண்ணித் தொட்டிக்குள்ள ஒரு வெள்ளை நூல் கிடக்கு. வடிகட்டி தாண்டி, இந்தப் பக்கம். அது உன் துண்டு நூல்தான்னு சொல்லிரு புள்ள. ஒரே ஒருவாட்டி சொல்லிரு."

துண்டு என் மடியில் இருந்தது.

"என் துண்டு நீலம், அண்ணே."

தொட்டி மூடியை அவர் சாத்தும் சத்தம். பிறகு: "ம்ம். நாங்க எல்லாரும் அதத்தான் குடிச்சிருக்கோம்."

வடிகட்டி சுத்தமாக இருந்தது. எதுவும் வரவில்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். எதுவும் சிக்கவில்லை, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத விதைகளாகப் போயிருக்கின்றன. நானும் அதே தண்ணீரைத்தான் குடித்தேன். அதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைசியாகக் கேப்டன்: "பூமியில எண்ணூறு கோடிப் பேர் இருக்காங்க. இதை அங்கே கொண்டுபோக மாட்டேன். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஜெபராஜ்தான் முதல்ல கை தூக்கினார். மன்னிச்சிருங்கம்மா."

பதிவு 95. மாலை

காலை பத்தரைக்குக் கப்பலைப் பாலாழிக்குள் பாயவிட்டு எரித்துக்கொண்டார்கள். வெளுத்த ஜன்னலையும் மீறி மேற்கே வெளிச்சம் தெரிந்தது. ஆறு பேர். ஆறு பேரின் எலும்புகள்.

மதியத்துக்குப் பிறகு நூல்கள் பலூனை விட்டன. கதவையும் விட்டன. ஜன்னல் தெளிந்தது. அத்தனையும் மேற்கே போகின்றன.

நிலையம் மேலே எழுகிறது.