இல்லாதவளுக்கு விழுந்த ஐந்து ஓட்டு

திபிலிசி, 4 அக்டோபர் 1976

பத்திரிகையில் வந்துவிட்டது. அகாதமியின் உயிரியல் பிரிவில் துணை உறுப்பினர் இடம் காலி. ஒன்றே ஒன்று.

எங்கள் இயக்குநர் காலையில் கூப்பிட்டார். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "பழங்கோதுமைக்குன்னு ஒரு தனி ஆய்வகம் எதுக்கும்மா? வர்ற வருஷம் தேயிலைப் பிரிவோட சேர்த்துடலாம்னு இருக்கேன். நீங்க அகாதமி உறுப்பினரா இருந்தா பேச்சு வேற."

என் மாகா கோதுமையைத் தேயிலைக்காரர்களிடம் கொடுத்தால் என்ன செய்வார்கள்? கொதிக்கவைத்து வடிகட்டுவார்கள்.

நிற்கப்போகிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் ரெவாஸிடம் சொன்னேன். மீன்களைப் படித்தே முழு உறுப்பினர் ஆனவன் என் கணவன். அந்தப் பிரிவில் வாக்குள்ள ஒன்பது பேரில் ஒருவன். "நில்லு," என்றான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எனக்குப் போடுவியா?"

"ரகசிய வாக்கெடுப்பு, சியாலா."

முள்ளை எடுத்து ஓரமாக வைத்தான். ஏதோ என் கேள்வியைத்தான் எடுத்து வைத்தது போல.

13 அக்டோபர்

கட்டுரைகளின் பட்டியல், சான்றிதழ், வாழ்க்கைக் குறிப்பு, எல்லாம் கொடுத்தாயிற்று. எதிர்த்து நிற்பவர் பட்டுப்புழு பாட்ரி. நல்ல மனிதர். அதுதான் தொந்தரவு.

24 அக்டோபர்

விருந்து வைத்தோம். தேர்தலுக்கும் விருந்துக்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள். அக்ரூட் அரைத்துவிட்ட கோழியை அம்ப்ரோசி ஐயா மூன்று முறை கேட்டு வாங்கினார். எங்கள் பிரிவின் செயலர் அவர். எண்பது வயது. எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் வாழ்த்துச் சொல்லி மதுக்கிண்ணம் தூக்கும் வேலை அவருடையதுதான்.

"கோதுமைக்கு வாழ்த்து," என்றார். எல்லோரும் குடித்தார்கள். "பட்டுக்கும் வாழ்த்து. உடுத்தாம எப்படிச் சாப்பிடறது?" அதற்கும் குடித்தார்கள். என் வீட்டில், என் கோழியைத் தின்றுவிட்டு!

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணே, ஆறு ஓட்டு வேணும். மூணுல ரெண்டு பங்கு. அஞ்சு வாங்கினா ஒண்ணுமே வாங்காத மாதிரிதான்."

9 நவம்பர்

ஐந்து.

எழுதவே கை வரவில்லை. ஐந்து.

உள்ளே அவர்கள் வாக்களித்தபோது நான் தாழ்வாரத்தில், அகாதமியை ஆரம்பித்தவர்களின் படங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தொன்றில், போர் வருவதற்குச் சில மாதம் முன்பு உட்காரவைக்கப்பட்டவர்கள். அவர்களுக்குத் தேர்தல் இல்லை, நியமனம். கொடுத்துவைத்தவர்கள். யாருக்கும் கோழி சமைத்திருக்க மாட்டார்கள்.

எனக்கு ஐந்து, பாட்ரிக்கு மூன்று, செல்லாதது ஒன்று. யாருக்கும் இடமில்லை.

10 நவம்பர்

காலையிலிருந்து தொலைபேசி. "நான் உனக்குத்தான் போட்டேன், சியாலா." இதோடு எட்டு பேர் சத்தியம் செய்துவிட்டார்கள், எல்லோரும் பிள்ளைகள் தலையில் அடித்து. ஜார்ஜியாவின் பிள்ளைகளுக்கு இந்த வாரம் தலைவலி வந்தால் காரணம் அகாதமிதான்.

சத்தியம் செய்யாதவன் ஒருவன்தான். என் வீட்டிலேயே இருக்கிறான்.

12 நவம்பர்

கேட்டுவிட்டேன்.

"நீ எனக்குப் போட்டியா இல்லையா?"

"விதி இருக்கு. சொல்லக் கூடாது."

"பெண்டாட்டிகிட்டயுமா?"

"விதியில பெண்டாட்டிக்கு விலக்கு இல்லையே."

இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவன் முகத்தைப் பார்த்தால் தெரியாதா? தெரிந்தது. முகத்தில் குற்றம் இருந்தது. அப்படியென்றால் பாட்ரிக்கா? எதற்கு? என் கோதுமை நகராது, நீந்தாது என்று கேலி செய்வானே, அதெல்லாம் கேலியே இல்லையா? கல்யாணமான நாளிலிருந்து உள்ளூர அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தானா?

இன்று அவனுக்கு மட்டும் சமைக்கவில்லை. தானே முட்டை பொரித்துக்கொண்டான். கருகிப்போயிற்று. அதையும் மிச்சம் வைக்காமல் தின்றான்.

14 நவம்பர்

சந்தையில் மெடேயாவைப் பார்த்தேன். பிரிவில் இருக்கும் ஒரே பெண். வாக்கு எண்ணியதும் அவள்தான். பாலாடைக்கட்டிக் கடையில் உப்பு பார்த்துக்கொண்டே சொன்னாள். "உன் விதியை என்னன்னு சொல்றது? அந்தச் செல்லாத சீட்டு உன்னோடதுதான் தெரியுமா? வேண்டாத பேரை அடிக்கிறதுதான் ஓட்டு; பாட்ரி பேரை ஒழுங்கா அடிச்சிருந்தான். அதோட விட்டானா? உன் பேரை எழுத்துப் பிழையா அச்சடிச்சிருந்தாங்க, கோகிச்சாஷ்விலின்னு. யாரோ ஒரு புண்ணியவான் விட்டுப்போன எழுத்தைப் பென்சில்ல சேர்த்திருக்கான். அடிக்கிறதைத் தவிர வேற ஒரு புள்ளி வெச்சாலும் செல்லாதே."

கோகிச்சாய்ஷ்விலி. என் அப்பா வீட்டுப் பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் நான் விடாத பெயர்.

யாரோவா? உணவகத்தில் சாப்பாட்டுப் பட்டியலைத் திருத்துகிறவன் யார்? மருத்துவர் எழுதிய மருந்துச்சீட்டைத் திருத்தியவன் யார்? எங்கள் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு காற்புள்ளி சேர்த்தவன் யார்?

சிரித்த சிரிப்பில் பாலாடைக்கட்டியைக் கீழே போட்டுவிட்டேன். கடைக்காரி அதையும் எடை போட்டு என் பையிலேயே வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"உன் பென்சில்தானே?"

ரெவாஸ் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தான். பிறகு, "பேரு தப்பா இருந்துச்சு," என்றான். "உன் பேரு. கை தானா போயிடுச்சு. பெட்டில போட்டப்புறம்தான் உறைச்சுது."

"அஞ்சு நாளா நீ எனக்கு எதிரா போட்டேன்னு நினைச்சிட்டு இருக்கேன். சொல்லியிருக்கலாமே?"

"துரோகின்னு நினைச்சா உனக்குக் கோபம் வரும். அது ஆறிடும். மடையன்னு தெரிஞ்சிட்டா ஆறுமா?"

பெரிய விஞ்ஞானி! என் ஆய்வகம் தேயிலைக்குள் போனாலும் போகட்டும், தன் மானம் மட்டும் போகக் கூடாது. இதையும் அவனிடம் சொன்னேன், இன்னும் மோசமான வார்த்தைகளில். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

19 நவம்பர்

பொதுக்குழு. கணிதக்காரர்கள், மொழிக்காரர்கள், கல் மண் ஆராய்கிறவர்கள், அத்தனை பிரிவும் கூடிய மண்டபம். எங்கள் பிரிவில் யாரும் தேர்வாகவில்லை என்று அம்ப்ரோசி ஐயா படித்துக்கொண்டிருந்தபோது ரெவாஸ் எழுந்தான்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

"அந்தச் செல்லாத சீட்டு என்னுது," என்றான். "என் மனைவி பேருல பிழை இருந்துச்சு. திருத்திட்டேன். விதி தெரிஞ்சும் திருத்தினேன். என்னை மாதிரி ஒரு மடையனால அவங்க தோத்திருக்கக் கூடாது."

மண்டபமே சிரித்தது. மொழிக்காரர்கள் கைதட்டினார்கள். பிழை திருத்துகிறவனுக்கு அவர்களாவது இருக்கிறார்களே. ரெவாஸுக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஆனால் உட்காரவில்லை.

அம்ப்ரோசி ஐயா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "ரகசியத்தை வெளியிட்டது முதல் குத்தம். அதைத் தள்ளி வைப்போம். சீட்டு செல்லாது, அதுல மாத்தமில்ல." பிறகு கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஆனா ஒரு சங்கதி. கோகிச்சாஷ்விலின்னு ஒரு ஆளே கிடையாது. நாம அஞ்சு பேர் ஒரு இல்லாதவளுக்கு ஓட்டுப் போட்டிருக்கோம். அப்போ இந்த வாக்கெடுப்பே நடக்கலைன்னு ஆகுது."

தலைவர் ஒத்துக்கொண்டார். பிரிவு மறுபடி வாக்களிக்க வேண்டும்.

வெளியே பாட்ரி வந்து கைகொடுத்தார். "தோக்கறது எனக்குப் பழக்கம்தான், அம்மா. ஆனா உலகத்துலயே இல்லாத ஒருத்திகிட்ட ரெண்டு ஓட்டுல தோத்தது இதுதான் முதல் தடவை."

வீடு வரை நானும் ரெவாஸும் நடந்தே வந்தோம். பாலத்தில் காற்று அதிகம். அவன் கைக்குள் என் கையைக் கொடுத்தேன். குளிர்தான் காரணம் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

23 நவம்பர்

உள்ளே போகும்முன் ரெவாஸ் பென்சிலை மெடேயாவிடம் ஒப்படைத்தானாம்.

ஏழு.

24 நவம்பர்

இயக்குநர் தேநீர் கொடுத்தார். சர்க்கரையும் அவரே போட்டார்.

18 ஜனவரி 1977

புது உறுப்பினர் தன் பிரிவின் முன்னால் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று என் முறை. மாகாவைப் பற்றிப் பேசினேன். உமி விலகாத கதிர், மேற்கு ஜார்ஜியக் கிராமங்களின் மழையிலும் அழுகாத தானியம். அம்ப்ரோசி ஐயா ஐந்தாவது நிமிஷத்தில் தூங்கிவிட்டார். இன்னும் இருவர் அவரைப் பின்பற்றினார்கள். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அவர்கள்மேல் தப்பில்லை.

"கேள்வி உண்டா?" என்று மெடேயா கேட்டாள்.

ரெவாஸ் கையைத் தூக்கினான். ஏதாவது பிழை கண்டுபிடித்திருப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"உரிக்கறதுக்கே இவ்வளவு பாடுன்னா," என்றான், "சுலபமா உரியற கோதுமை பக்கத்து நிலத்துல இருந்தும் அந்த ஜனங்க ஏன் இதையே விடாம விதைச்சாங்க?"

கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். இருபத்தாறு வருஷத்தில் என் கோதுமையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி.

யோசித்துப் பார்த்தேன். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"சரி," என்றான். "மே மாசம் கதிர் வர்றப்போ நானும் வர்றேன். அங்கேயே போய்க் கேப்போம்."